ஜாதிக்காய்ப் பால்

எனக்கு யாரையும் சட்டென்று நம்ப வராது. வியாதி வருவதற்கு முன்பிருந்தே உள்ள குணம் இது. மராத்தி பேசும் ஊரில், கோந்த்வா என்ற பகுதியில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சராக இருக்கிறேன். தேர்வு அறைக்கு மேற்பார்வைக்கு நான் வருகிறேன் என்றால் பிள்ளைகளுக்கு முகம் தொங்கிப்போகும். ஸ்கேலின் பின்பக்கம், காலுறைக்குள், தண்ணீர் பாட்டிலின் லேபிளுக்கு உள்பக்கம் என்று பிட்டு எங்கெல்லாம் ஒளியும் என்று எனக்குத் தெரியும். அப்படிப்பட்ட நான் என் மூக்குக்குக் கீழே நடந்ததைக் கோட்டைவிட்டேன். தூக்க மாத்திரை போடும் யாராவது உங்கள் வீட்டில் இருந்தால் இதைப் படித்துவையுங்கள்.

நான் மயங்கி விழுந்ததும் தேர்வு அறையில்தான். கேள்வித்தாளைக் கொடுத்துக்கொண்டே மூன்றாவது வரிசைக்கு வந்தது வரை நினைவிருக்கிறது. அடுத்துத் தெரிவது ஆம்புலன்ஸின் கூரை. நாக்கைக் கடித்துக்கொண்டதில் வாயெல்லாம் ரத்தம். வலிப்பு வந்து பெஞ்சின் மேல் சாய்ந்தேனாம். என் கணவர் ராமநாதன் அப்போது சென்னையில் தங்கை மகன் கல்யாணத்தில் இருந்தார். சாப்பாட்டுப் பந்தியிலிருந்து எழுந்து விமானம் பிடித்து வந்து சேர்ந்தார்.

வாழ்நாளில் வலிப்பே வராதவளுக்கு இந்த வயதில் வந்தால் மூளையில் கட்டியாக இருக்கலாம் என்று அவசரப் பிரிவில் யாரோ யாரிடமோ சொன்னது காதில் விழுந்தது. அதற்குப் பிறகு ஸ்கேன் அறைக்கு வெளியே காத்திருந்த நேரத்தைப் பற்றி என்ன சொல்ல. நாற்காலியில் இருப்பவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கமாட்டார்கள். எல்லாருக்கும் சுவரில் மாட்டியிருந்த டிவி மேல்தான் கண். நான் மட்டும் உள்ளே போய் வருகிறவர்களின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன், எதையோ மறைக்கிறார்களா என்று. ஸ்கேனில் ஒன்றும் இல்லை. தலை முழுக்க ஒயர் ஒட்டி மூளையின் மின்னோட்டத்தைக் கோடுகளாக எடுக்கும் ஒரு சோதனை செய்தார்கள். அதிலும் பெரிதாக ஒன்றும் இல்லை. ஒன்றும் இல்லை என்றால் ஏன் வந்தது?

டாக்டர்கள் ஒவ்வொருவரும் கேட்டார்கள், என்னென்ன மருந்து சாப்பிடுகிறீர்கள் என்று. “பிபி மாத்திரைகூடக் கிடையாது” என்று நானும் அவரும் பெருமையாகச் சொன்னோம். கடைசியில் ஒரு நர்ஸ் பெண்தான், “தூங்க ஏதாவது?” என்று கேட்டாள்.

“அது எல்லாரும் போடறதுதானே” என்றேன்.

அந்தப் பெண் பேனாவைக் கீழே வைத்துவிட்டு டாக்டரைக் கூப்பிடப் போனாள்.

தோள்பட்டை இறுகிக் கை தூக்க முடியாமல் தவித்த ஒரு வருஷம், வலியில் தூக்கம் வராமல் ஒரு டாக்டர் இரண்டு வாரத்துக்கு எழுதிக் கொடுத்த மாத்திரை அது. தோள் சரியாகிப் பல வருஷம் ஆகிவிட்டது. மாத்திரை நிற்கவில்லை. ஒன்று இரண்டானது. என் கணவர் பாதுகாப்புத் துறைக் கணக்கு அலுவலகத்திலிருந்து ஓய்வு பெற்ற பிறகு, தினமும் படுக்கும் முன் ஜாதிக்காய் உரைத்த பாலும் மாத்திரையும் எனக்குக் கொண்டுவந்து கொடுப்பதைத் தன் வேலையாக எடுத்துக்கொண்டார். கல்யாணத்துக்குப் போகும் அவசரத்தில் மாத்திரை அட்டையைத் தன் சட்டைப் பையோடு சென்னைக்குக் கொண்டுபோய்விட்டார். கீழே மருந்துக் கடைக்குப் புதிதாக வந்தவர் சீட்டு இல்லாமல் தரமாட்டேன் என்றார். நானும் ரோஷத்தில், நாலு நாள் இல்லாவிட்டால் என்ன என்று இருந்துவிட்டேன்.

மனநல மருத்துவர், மராத்திக்கார அம்மா, நிதானமாகச் சொன்னார். இந்த மாத்திரை மூளையின் இரைச்சலை அடக்கும். வருஷக்கணக்கில் அடக்கிக்கொண்டே இருந்தால் மூளையும் அதை மீறி இரையப் பழகிக்கொள்ளும். திடீரென்று மாத்திரையை நிறுத்தினால் அடக்க ஆள் இல்லாமல் இரைச்சல் வெடித்துக் கிளம்பும். அதுதான் வலிப்பு. டீச்சர் வெளியே போன வகுப்பு மாதிரி என்று புரிந்துகொண்டேன். அதனால் ஒரேயடியாக நிறுத்தக் கூடாது, மெதுவாகச் செயல்படும் வேறு மாத்திரைக்கு மாற்றி, அளவைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்க வேண்டும் என்றார். அதுவரை புரிந்தது. அதற்கு என்னை அனுப்பிய இடம்தான் புரியவில்லை. மேல்மாடியில், போதை மீட்புப் பிரிவு.

குடித்துவிட்டுத் தெருவில் விழுந்து கிடப்பவர்களுக்கு அல்லவா அந்த வார்த்தை. பெண்கள் பக்கம் தனியாக இருந்தது என்பதைத் தவிர எந்த ஆறுதலும் இல்லை. காப்பீட்டு மேஜையில் இருந்த பையன் கம்ப்யூட்டரைப் பார்த்து, “போதைக் கேஸ் இதில் வராது மேடம்” என்று நாலு பேருக்குக் கேட்கிற மாதிரி சொன்னான். அவமானத்தில் எனக்கு அழுகை வந்தது. அவர்தான் என் தோளைப் பிடித்துக்கொண்டு, “நீ வா, நான் பாத்துக்கறேன்” என்று லிஃப்ட் பக்கம் கூட்டிப்போனார்.

அந்தப் பிரிவில் டாக்டரைவிட அதிக நேரம் நம்மோடு இருப்பவர்கள் ஆலோசகர்கள். எனக்கு இரண்டு பேர் வாய்த்தார்கள். ஒருத்தி ரேவதி. இதே ஊரில் கட்கிப் பக்கம் பிறந்து வளர்ந்த தமிழ்ப் பெண், முப்பது வயதுக்கு மேல் இருக்காது. இன்னொருவர் சாவந்த், ஐம்பதைத் தாண்டிய மராத்திக்காரர். முதல் சந்திப்பிலேயே, “நான் முன்னாள் குடிகாரன் மேடம்” என்று கையை நீட்டினார். யாராவது அதைச் சொல்லிக்கொண்டு கை கொடுப்பார்களா? என்னைப் பேச வைக்க ஒரு தந்திரம் என்று நினைத்துக்கொண்டேன்.

ரேவதிக்குப் பேச்சைவிடக் கண் அதிகம். பேசிக்கொண்டே தலையணையைத் தட்டிப் போடுவாள். தட்டுகிற சாக்கில் உறைக்குள் கை போகும். “ஆன்ட்டி, உங்க பௌடர் டப்பாவ ஜரா, கொஞ்சம் காட்டுங்க, என்ன பிராண்டு?” என்பாள். திறந்து மோந்தும் பார்ப்பாள். எனக்கு என்னையே கண்ணாடியில் பார்ப்பது போல இருந்தது, ஆனால் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நான் மாணவியாக உட்கார்ந்திருந்தேன். ஒரு நாள் பொறுக்க முடியாமல் கேட்டுவிட்டேன்.

“இதெல்லாம் எங்கம்மா கத்துக்கிட்ட?”

“வீட்லதான் ஆன்ட்டி. அப்பா பாட்டில எங்க வச்சிருக்காருன்னு தேடறது என் டியூட்டி. கற்பூர டப்பா, கூலருக்குப் பின்னாடி, என் ஸ்கூல் பேக்... எல்லாத்துலயும் எடுத்திருக்கேன்.” சிரித்துக்கொண்டேதான் சொன்னாள்.

சாவந்த் எதையும் தேடமாட்டார். காலை நீட்டி உட்கார்ந்துகொண்டு, “பொய் சொல்லணும்னா சொல்லுங்க, எனக்குக் கோபம் வராது. நானும் சொல்லாத பொய்யில்லை” என்பார். நான் உண்மை பேசும்போதும் அதே சிரிப்புத்தான். அது ரேவதியின் சோதனையைவிட எரிச்சலாக இருந்தது. அவர் ஒரே ஒரு கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்டார்.

“வீட்டில் மாத்திரை யார் கையில் இருக்கும் மேடம்?”

“அவர்தான் தருவார்.”

“ம்” என்று வேறு பேச்சுக்குப் போய்விடுவார். எதற்கு அந்த ‘ம்’ என்று எனக்கு ஆத்திரமாக வரும்.

என் கணவர் தினமும் சாயங்காலம் பார்வையாளர் நேரத்துக்கு முதல் ஆளாக வந்துவிடுவார். கையில் பிளாஸ்க். வெளியிலிருந்து எந்த உணவும் கொண்டுவரக் கூடாது என்பது அந்தப் பிரிவின் கண்டிப்பான விதி. பக்கத்துக் கட்டில் பெண்ணுக்கு வந்த வாழைப்பழத்தைக்கூடத் திருப்பி அனுப்பினார்கள். ஆனால் எங்கள் பிளாஸ்க் மட்டும் உள்ளே வந்தது. ரேவதிதான் அனுமதி வாங்கிக் கொடுத்தாள். “வீட்டுப் பால்தானே ஆன்ட்டி. பாவம் அங்கிள், கோந்த்வாலேந்து டிராஃபிக்ல வராரு” என்றாள். என்னைக் கண்டால் கூர்மையாகும் அந்தக் கண் அவரைக் கண்டால் தழைந்துவிடும். அவரைத் தனியாக உட்காரவைத்து, உங்கள் உடம்பையும் பார்த்துக்கொள்ளுங்கள் என்று அரைமணி நேரம் பேசுவாள். நான் பால் குடித்து முடிக்கும் வரை அவர் நின்றுகொண்டே இருப்பார். டம்ளரைக் கழுவித் துடைத்துப் பையில் வைத்துக்கொண்டுதான் கிளம்புவார். இப்படி ஒருவர் கிடைக்க நான் என்ன புண்ணியம் செய்தேனோ என்று எனக்கு நெஞ்சு நெகிழ்ந்துபோகும்.

ஆரம்பத்தில் கை நடுக்கமும் வியர்வையும் படபடப்பும் இருந்தன. காலடிச் சத்தம்கூட மண்டையில் அறைந்தது. பிறகு அது தணிந்தது. அளவைக் குறைக்கக் குறைக்க நன்றாகத் தூங்கினேன். டாக்டரம்மாவுக்குத்தான் முகம் சரியில்லை. அளவு குறைகிறது, ஆனால் காலையில் எனக்கு நாக்கு குழறுகிறது, சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்கிறேன். “நாங்கள் கொடுக்கும் மருந்துக்கு இவ்வளவு மயக்கம் வராது” என்று என் கண்ணைப் பார்த்துச் சொன்னார். “கூடுதலாக ஏதோ உள்ளே போகிறது. இப்படியே போனால் நாங்கள் எதைக் குறைக்கிறோம் என்பதே எங்களுக்குத் தெரியாது. மறுபடி வலிப்பு வரலாம். நீங்கள் வகுப்பில் நிற்கலாம் என்று நான் எப்படிப் பள்ளிக்குச் சொல்வேன்?”

அன்று என் சாமான் முழுவதையும் கட்டிலில் கொட்டிப் பார்த்தார்கள். ரேவதி புடவை மடிப்பு ஒவ்வொன்றாகப் பிரித்தாள். ஒன்றும் கிடைக்கவில்லை. கிடைக்காதது அவள் சந்தேகத்தை அதிகமாக்கியது. “ஆன்ட்டி, சொல்லிடுங்க. நான் டாக்டர்கிட்ட பேசறேன்” என்றாள். நான் எத்தனை பிள்ளைகளிடம் இதே குரலில், சொல்லிவிடு, நான் ஹெட்மாஸ்டரிடம் பேசுகிறேன் என்று சொல்லியிருப்பேன். அதில் எத்தனை பேர் உண்மையிலேயே ஒன்றும் செய்யாதவர்களோ.

நானும் சும்மா இருக்கவில்லை. எல்லாரையும் சந்தேகப்பட்டேன். நர்ஸ் அளவைத் தவறாகக் கொடுக்கிறாளோ? பக்கத்துக் கட்டில்காரி என் தண்ணீரில் எதையாவது போடுகிறாளோ? சாவந்த் முன்னாள் குடிகாரர்தானே, வெளியே அவருக்கு யார் யார் பழக்கமோ? என் பட்டியலில் மருத்துவமனையில் சம்பளம் வாங்குகிற எல்லாரும் இருந்தார்கள்.

அடுத்த நாள் மதியம், ஆலோசகர் அறைக்கு வெளியே என் முறைக்காக உட்கார்ந்திருந்தேன். உள்ளே இரண்டு பேரும் இந்தியில் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். கதவு சரியாகச் சாத்தவில்லை.

“அந்தப் பிளாஸ்க்கை நிறுத்து” என்றார் சாவந்த்.

“அங்கிள் அப்படி ஆள் இல்ல. உங்களுக்கு ஃபேமிலின்னாலே ஆகாது.”

“எங்கம்மா தன் கையாலேயே எனக்கு ஊத்திக் குடுத்தாங்க ரேவதி. பையன் கடைக்குப் போய் அடிபடக் கூடாதுன்னு. அந்தப் பாசத்துலதான் எனக்கு ஈரல் போச்சு.”

“அது உங்கம்மா. இவர் ராமநாதன் அங்கிள்.”

“நீ தேடறது உங்கப்பாவை. அங்க உக்காந்திருக்கறது கணக்கு டீச்சர்.”

ரேவதி, “போன மாசம் அந்தப் பொம்பளையப் பாத்து நீதான் உன் புருஷனக் கெடுத்தன்னு சொன்னீங்களே, அது யாரு? அவ உங்கம்மாவா? அழுதுட்டே போனா, இன்னும் வரல” என்றாள்.

நான் எழுந்து என் கட்டிலுக்கு வந்துவிட்டேன். பிளாஸ்க். என் பட்டியலில் பிளாஸ்க் இல்லை. லேபிளுக்கு உள்பக்கம் பார்க்கத் தெரிந்தவளுக்கு, பாட்டிலில் இருப்பது தண்ணீர்தானா என்று பார்க்கத் தோன்றவில்லை.

அன்று சாயங்காலம், வயிறு சரியில்லை, அப்புறம் குடிக்கிறேன் என்று சொல்லி டம்ளரை வாங்கி வைத்துக்கொண்டேன். அவர் போனதும் கழுவும் தொட்டியில் ஊற்றினேன். காலையில் கை நடுங்கியது, உடம்பெல்லாம் வேர்த்தது, ஆனால் நாக்கு குழறவில்லை. ஒரு தடவை வந்த விடையை நான் நம்புவதில்லை. மறுநாளும் ஊற்றினேன். அதே விடை.

மூளையில் கட்டி என்று சொல்லியிருந்தால்கூட அவ்வளவு பயந்திருக்கமாட்டேன். என்னைத் தூங்க வைத்துவிட்டு இவருக்கு என்ன வேலை என்று புத்தி எங்கெங்கேயோ போனது. இத்தனை வருஷமும் பால் டம்ளரோடு வந்து நின்றது எதற்காக? போனில் யாரோடு பேசினார்? நான் வேலைக்குப் போவது பிடிக்கவில்லையா? சொல்லவே வெட்கமாக இருக்கிறது, எங்கள் வீட்டுப் பத்திரம் யார் பேரில் இருக்கிறது என்றுகூட யோசித்தேன்.

அதற்கடுத்த சாயங்காலம் அவர் வழக்கம்போல் வந்தார். ரேவதி பக்கத்துக் கட்டிலில் பேசிக்கொண்டிருந்தாள். அவர் டம்ளரில் ஊற்றினார். ஜாதிக்காய் வாசனை வந்தது.

“நீங்க ஒரு வாய் குடிங்க” என்றேன்.

“எனக்கெதுக்கு? உனக்குத்தானே கொண்டு வந்தேன்.”

“குரல் கட்டியிருக்கு உங்களுக்கு. குடிங்க.”

“வேண்டாம்மா.”

“ஒரு வாய்தானே கேக்கறேன்.”

“அதில்ல வசந்தா, நான் வண்டி ஓட்டிட்டுப் போகணும்.”

சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னோம் என்பது அவருக்கே தெரிந்தது. டம்ளர் அவர் கையிலேயே இருந்தது. பக்கத்துக் கட்டிலில் பேச்சு நின்றது. ரேவதி எழுந்து வந்தாள்.

“பால் குடிச்சா வண்டி ஓட்ட முடியாதா அங்கிள்?” என்று கேட்டாள்.

அவர் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டார். “அந்தப் பழைய மாத்திரைதான், முதல்ல ஒண்ணு. இப்போ பாதிதான் போடறேன்” என்றார். “நீ கேட்டியே வசந்தா. வந்த புதுசுல என் கையப் பிடிச்சிக்கிட்டு, ஒண்ணே ஒண்ணு குடுத்துடுங்க, செத்துடுவேன் போலிருக்குன்னு கேட்டியே. அந்த நடுக்கத்தப் பாக்க என்னால முடியல. குடுத்ததும் நீ நல்லா தூங்கின. அப்புறம் எப்படி நிறுத்தறது?”

நான் கேட்டேனா? எனக்கு நினைவில்லை. ஆனால் அவர் பொய் சொன்னால் எனக்குத் தெரியும், அப்போது அவர் பொய் சொல்லவில்லை. வாய் திறந்து திட்டவும் முடியாமல், அவர் முகத்தைப் பார்க்கவும் முடியாமல் அழுதேன்.

சத்தம் கேட்டு சாவந்த் வந்தார். டம்ளரைப் பார்த்ததும் அவருக்குப் புரிந்துவிட்டது. இத்தனை நாள் சிரித்துக்கொண்டிருந்தவர் முகம் சிவந்து, “இந்த ஆளை இனி உள்ளே விடாதீர்கள்” என்று கத்தினார். சொன்னது சரி என்று ஜெயித்த மகிழ்ச்சி அவரிடம் கொஞ்சமும் இல்லை. யாரோ தன்னை அடித்த மாதிரி நின்றார்.

ரேவதிதான் அவரைத் தடுத்தாள். பிளாஸ்க்கை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். “நானும் கலக்கியிருக்கேன்” என்று தமிழில் எங்களிடம் சொன்னாள். குடியை நிறுத்தும் பொடி என்று யாரோ விற்றதை அவள் அம்மா வாங்கி வருவாளாம். அப்பாவுக்குத் தெரியாமல் அதைச் சாம்பாரில் கலக்குவது ரேவதியின் வேலை. ஒரு தடவை அப்பா வாந்தி எடுத்து மயங்கி விழுந்தார். ஏன் என்று இன்றுவரை அவருக்குத் தெரியாது. “வீட்லேந்து வர்றதுல தப்பு இருக்கும்னு எனக்குத் தோணவே இல்ல ஆன்ட்டி. தோணினா என்னையும் சந்தேகப்படணுமே” என்றாள். பிறகு அதையே சாவந்துக்கு இந்தியில் சொன்னாள். அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். கத்துவதை நிறுத்திவிட்டார்.

டாக்டரம்மா என் கணவரை உள்ளே விட வேண்டாம் என்று சொல்லவில்லை. பிளாஸ்க்கை மட்டும் நிறுத்தினார். குறைப்பதை முதலிலிருந்து தொடங்கினோம். அதோடு இன்னொன்று செய்தார். இனி சாவந்த் உட்கார்ந்து பேச வேண்டியது என் கணவரோடு, ரேவதி என்னோடு மட்டும் என்று மாற்றிப் போட்டார். யாருக்கு யாரைக் கண்டால் ஆகாதோ அவரிடமே அனுப்பினார். வேண்டுமென்றே செய்தாரா என்று கேட்டேன். “உங்களுக்கு எல்லாவற்றிலும் சந்தேகம்” என்று சிரித்தார்.

அதற்குப் பிறகு வந்த நடுக்கத்தையும் தூக்கமில்லாத இரவுகளையும் விவரிக்கப் போவதில்லை. கடுமையாக இருந்தது, ஆனால் பொறுக்க முடிந்தது. ரேவதி வந்தால் கையை மடியில் கட்டிக்கொண்டு உட்காருவாள், தலையணைப் பக்கம் போகாதிருக்க. அது அவளுக்கு எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும். வெளியே வராந்தா பெஞ்சில் சாவந்தும் அவரும் சாயா குடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். என்ன பேசுவீர்கள் என்று ஒரு நாள் அவரைக் கேட்டேன். “ஊத்திக் குடுக்கும்போது உங்களுக்கு எப்படி இருந்ததுன்னு கேக்கறார்” என்றார். “அவங்கம்மாகிட்ட இதக் கேக்கவே இல்லையாம்.”

வீட்டுக்கு வந்துவிட்டேன். அளவு குறைந்து குறைந்து மாத்திரை நின்றுவிட்டது. பள்ளிக்கும் போகிறேன். தூக்கம் சில நாள் வரும், சில நாள் வராது. தேர்வு அறையில் ஒரு பிள்ளையைச் சந்தேகப்பட்டால் இப்போது கொஞ்சம் தாமதித்துத்தான் அதன் தாளில் கை வைக்கிறேன்.

படுக்கும் முன் அவர் இன்னும் பால் கொண்டுவருகிறார். ஜாதிக்காய் கிடையாது, வெறும் பால். நான் கேட்காமலேயே, கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று முதல் வாய் அவர் குடிப்பார். முன்பு டம்ளர் காலியாகும் வரை அவர் நின்று பார்ப்பார். இப்போது அவர் விழுங்குகிறாரா என்று நான் அவர் தொண்டையைப் பார்க்கிறேன். பார்க்கிறேன் என்று அவருக்கும் தெரியும். நான் நன்றாகப் பார்க்கட்டும் என்று விளக்குப் பக்கமாகத் திரும்பி நின்றுகொண்டு குடிக்கிறார்.